ரோதமுனி குடித்த ஒயில்

கஹவத்தையிலிருந்து பன்றிக்கல் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் வெள்ளிக்கிழமை காலையில் நடந்து போகிறவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். வாகனத்தில் போகிறவர்கள் பாதையிலேயே நிற்க வேண்டியதுதான். முன்னால் ஒரு பழைய வேன். அதற்கு முன்னால் ஒரு பழைய லொறி. அதற்கும் முன்னால் பழைய ஓட்டோக்கள், ஒரு ஜீப், ஒரு பாண் வண்டி. சில தாமாக ஏறி வந்தவை. சில தள்ளிக்கொண்டு வரப்பட்டவை. எல்லாவற்றின் நெற்றியிலும் எலுமிச்சம்பழ மாலை. தள்ளி வந்தவர்களின் நெற்றியில் வியர்வையும் திருநீறும்.

என்ன திருவிழா என்று கேட்கிறீர்களா? ஒயில் மாற்றுகிற திருவிழா.

எஞ்சின் ஒயிலைத்தான் சொல்கிறேன். உலகத்தில் மற்றவர்கள் அதை மாற்றுவதற்குச் சர்விஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். நாம் அவர்களைவிடக் கொஞ்சம் முன்னேறியவர்கள். சாமியாரிடம் போகிறோம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ரோதமுனியைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய சக்கரம் சுற்றுகிற இடத்தில் குடியிருக்கிற முனி அவர். வருடத்துக்கு ஒரு தடவை அவருக்குச் சேவல் அறுத்துப் பூசை போடாமல் ஒருவரும் மெஷினில் கை வைக்கமாட்டார்கள். மெஷினில் கையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அதனால் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். மெஷினைச் சுற்றிக் கம்பி வலை அடித்துத் தர வேண்டிய கம்பெனி அதை அடித்துத் தரவில்லை. சேவலுக்குக் காசு கொடுத்தது. வலையைவிடச் சேவல் மலிவு.

பன்றிக்கல் தொழிற்சாலையை மூடிப் பல வருடமாகிறது. மெஷின்களை வெட்டிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். முனி எங்கே போனார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வேலை போன கவலை ஆளாளுக்கு. இப்படி ஒரு கேள்வி சும்மா கிடக்கிறதே என்று அதை எடுத்துப் பிழைப்பாக்கிக்கொண்டவர்தான் கிருஷ்ணராஜ். இன்றைக்கு அவர் பெயர் எஞ்சின் சாமி.

கொழும்புப் பக்கம் ஒரு சர்விஸ் ஸ்டேஷனில் வாகனங்களுக்கு அடியில் நின்று ஒயில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஒருநாள் தாடியோடு ஊர் திரும்பினார். தாடி வளர்ந்த அளவுக்கு ஞானமும் வளர்ந்திருந்தது. பாழடைந்த தொழிற்சாலையில், பெரிய சக்கரம் இருந்த குழிக்குப் பக்கத்தில் ஒரு சூலத்தை நட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் வெள்ளிக்கிழமை வந்தவர்களிடம் அவர் சொன்ன அருள்வாக்கு இது:

"மெஷின பழைய இரும்புக்கு வித்தாங்க. முனிய யாரு வாங்குனா? யாரும் வாங்கல. வீடு வாசல் இல்லாம நின்னாரு. பழைய எஞ்சின் ஓடுற சத்தம் கேட்டுச்சி. ஏறி உக்காந்துக்கிட்டாரு. இன்னைக்கு இந்தப் பக்கத்துல ஓடுற ஒவ்வொரு பழைய எஞ்சினுக்குள்ளயும் அவருதான் இருக்காரு."

"புது வண்டியில இல்லீங்களா சாமி?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுல கம்பியூட்டர் இருக்கு. முனிக்கு ஆகாது."

எவ்வளவு தெளிவான பதில் பாருங்கள். புது வண்டி வாங்கக்கூடியவன் கேள்வி கேட்பான் என்பது சாமிக்குத் தெரியும். முனிக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்தது சாப்பாட்டு விஷயம். முனி என்ன சாப்பிடுவார்? மண்ணுக்குள்ளிருந்து வருகிற கறுப்பு ஒயில் சாப்பிடுவார். கராஜ்காரர்கள் இப்போது ஊற்றுகிறார்களே சிந்தெட்டிக் ஒயில், அது மனுசன் கையால் செய்த செயற்கைச் சரக்கு. அதைப் பழைய எஞ்சினில் ஊற்றினால் முனிக்கு வாந்தி வரும். "வண்டிக்குக் கீழ சொட்டுச் சொட்டா நிக்குதில்ல, அது என்னான்னு நெனைச்சீங்க? முனி துப்புறாரு." பழைய வாகனம் வைத்திருக்கிற எல்லாரும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தார்கள். சொட்டு நின்றது. பழைய வாகனத்துக்குக் கீழே சொட்டு நிற்காமல் பூவா பூத்திருக்கும்?

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை பாதை அடைத்துக்கொண்டது.

சாமியின் முறை மிகவும் ஒழுங்கானது. முதலில் பொனட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே முனி பேசுவார். பிறகு கண்ணைத் திறந்து, "யாரு இதுல சிந்தெட்டிக் ஊத்துனது?" என்பார். ஊற்றியவர்கள் நடுங்கிப்போவார்கள். ஊற்றாதவர்கள், "நான் சாதா ஒயில்தாங்க போட்டேன்" என்பார்கள். "ஒனக்குத் தெரியாம கராஜ்காரன் ஊத்திட்டான்" என்பார் சாமி. அவர்கள் இன்னும் அதிகமாக நடுங்குவார்கள்.

அடுத்து அத்தாட்சி. சாமியின் மைத்துனன் நிரஞ்சன் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வருவான். அதற்குப் பெயர் முனித்துண்டு. ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்து அந்தத் துணியால் துடைப்பான். துணியைத் தாம்பாளத்தில் இருக்கிற மஞ்சள் தண்ணீரில் முக்குவான். தண்ணீர் பளிச்சென்று சிவக்கும். முனியின் இரத்தம். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பிறகு தோஷ ஒயிலைத் திறந்து கேனில் பிடிப்பார்கள். அதை மண்ணில் புதைத்துவிடுவார்களாம். அதற்குப் பதிலாக முனி ஒயில் ஊற்றப்படும். கன்னங்கரேலென்று, கூழ்போல, கற்பூர வாசத்தோடு இருக்கும். காணிக்கையை உண்டியலில் போட வேண்டும். மூன்று அமாவாசை போகும்வரை பொனட்டைத் திறக்கவோ கம்பியை இழுத்துப் பார்க்கவோ கூடாது. முனி விரதத்தில் இருப்பார்.

வண்டியைத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் அசந்துபோவார்கள். வரும்போது தகரக் கடைபோலச் சத்தம் போட்ட எஞ்சின், போகும்போது கோயில் பசுவாகப் போகும். சத்தம் அடங்கினால் நோய் அடங்கியது என்பது நம் எல்லாருக்கும் பிடித்த வைத்தியம். வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம்.

தோட்டத்தார் மட்டும்தான் வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் அமிலம் எது காரம் எது என்று நிறம் மாற்றிக் காட்டிப் பாடம் நடத்துகிற விஞ்ஞான ஆசிரியர் தன் காரை அனுப்பினார். எஹலியகொடையிலிருந்து ஒரு றப்பர் முதலாளி ஜீப்பில் வந்தார். "சாமி, மகே ஜீப் எகத் பலன்ன" என்று, தன் ஜீப்பையும் பார்க்கச் சொல்லிச் சிங்களத்தில் கைகூப்பினார். "பலமு மாத்தயா", பார்ப்போம் ஐயா என்று சாமியும் கொஞ்சமும் தடுமாறாமல் சிங்களத்திலேயே சொன்னார். நாட்டில் எத்தனையோ மகாநாடு கூடியும் தீராத மொழிப் பிரச்சினையை ரோதமுனி ஒரு ஒயில் கேனை வைத்துத் தீர்த்துவிட்டார்.

மரக்கறி ஏற்றுகிற இந்திரகுமாரின் லொறி மட்டும் கொஞ்சம் வம்பு பண்ணியது. முனி ஒயில் குடித்துவிட்டுச் சில வாரம் சாதுவாக ஓடியது. பிறகு கலவானைக்குப் போகிற வழியில், ஏற்றத்தில், ஒரு முனகலோடு எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இனி எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதிதாகச் செய்தால்தான் உண்டு. இந்திரகுமார் அழாத குறையாகச் சாமியிடம் வந்தான்.

"வெள்ளிக்கெழம கவுச்சி சாப்பிட்டியா?" என்று சாமி கேட்டார்.

"இல்லீங்க சாமி. நான் வெரதம்."

"லொறியில என்னா ஏத்துன?"

இந்திரகுமார் யோசித்தான். "திரும்பி வரயில ஒரு கருவாட்டு மூட்ட ஏத்துனேங்க. கடக்காரரு கேட்டாருன்னு."

"அப்ப நீ சாப்பிடல. லொறி சாப்பிட்டிருக்கு."

கூட்டம் தலையாட்டியது. இந்திரகுமாரும் தலையாட்டினான். லொறி போனது அவனுக்கு. பாவமும் அவனுக்கே. சாமிக்கு இரண்டிலும் பங்கு இல்லை. நல்ல வியாபாரம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் அடுத்துச் சேர வந்தவர் கன்னையா. தொழிற்சாலை ஓடிய காலத்தில் அந்தப் பெரிய சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டவர். ரோதமுனிக்குச் சேவல் பிடித்துக் கொடுத்த கை அவருடையது. வேலை போனபோது கிடைத்த சேவைக்காலப் பணத்தில் ஒரு பழைய வேன் வாங்கினார். தோட்டத்து லய வீடுகளில் குடியிருக்கிறவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்த வேனில்தான் போனார்கள். ஆனால் இப்போது அந்த வேனுக்கு வேறு முக்கியமான வேலை இருந்தது. அவர் மனைவி புஷ்பத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. செவ்வாயும் சனியும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். ஒருதரம் தவறினால் உடம்பு ஊதிவிடும். மூச்சு வாங்கும். அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகப் புஷ்பத்துக்கு உடம்பில் தெம்பு கிடையாது. வேன் ஓடினால் புஷ்பம் இருப்பார். விஷயம் அவ்வளவுதான்.

அந்த வேனுக்குக் கஹவத்தை கராஜ்காரர் ஹில்மி, "புது எஞ்சின் மாதிரி ஆகிடும்" என்று சொல்லி சிந்தெட்டிக் ஒயில் ஊற்றினார். ஊற்றிய சில நாளில் வேனுக்குக் கீழே சொட்டத் தொடங்கியது. அதற்கு முன்பு சொட்டியதில்லை. கன்னையா மிரண்டுபோனார். முனி துப்புகிறார். தான் சோறு போட்ட முனி.

வெள்ளிக்கிழமை வேனைக் கொண்டுபோவது என்று முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை மகள் சுதர்சினி பெல்மதுளையிலிருந்து வந்தாள். பெல்மதுளையில் அவள் ஓட்டோ ஓட்டுகிறாள். வாடகைக்குப் பேரம் பேசுகிறவர்களிடம் பேசிப் பேசி நாக்கு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது. விஷயத்தைக் கேட்டாள். நேரே ஹில்மியின் கராஜுக்குப் போனாள்.

"ஹில்மி நானா, மழுப்பாமச் சொல்லுங்க. அந்த வேன்ல ஏன் ஒயில் சொட்டுது?"

ஹில்மி கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "ஒயில்ல பிழை இல்ல தங்கச்சி. பழைய ஒயில்ட கசடு உள்ளுக்கு அப்பிப்போய் இருந்த. றப்பர் சீல் காஞ்சி வெடிச்சிருக்கு. அந்த வெடிப்பக் கசடுதான் அடைச்சிக்கிட்டு இருந்த. புது ஒயில் கசட நல்லாக் கழுவிட்டு. இப்ப வெடிப்புத் தெரியுது."

"அப்ப சீல மாத்திட்டுத்தானே ஒயில ஊத்தியிருக்கணும்?"

ஹில்மி கூரையைப் பார்த்தார். "ஊத்தியிருக்கணும்தான். அவசரத்துல நான் சீலப் பார்க்கல்ல."

"இத எங்கப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"என்ட பிழையத்தானே சொல்லணும் தங்கச்சி. எப்படிச் சொல்ற?"

இதுதான் நம் ஊர் நிலைமை. விஷயம் தெரிந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். தெரியாதவர் சூலத்தை நட்டு ஒலிபெருக்கி பிடிக்கிறார். ஹில்மி அன்றைக்கே, "நான் சீலைப் பார்க்கவில்லை, மாற்றித் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் சாமிக்கு ஒரு பக்தர் குறைந்திருப்பார்.

சுதர்சினி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் கேட்கவில்லை.

"கசடு, சீலுன்னு என்னமோ சொல்ற. ஊரே முனி துப்புறாருன்னு சொல்லுது."

"இந்திரகுமார் அண்ணன் லொறி என்னாச்சுங்கப்பா?"

"அது கருவாடு."

"சனிக்கெழம அம்மாவோட போகயில எஞ்சின் இறுகிப்போச்சுன்னா?"

கன்னையாவுக்குக் கோபம் வந்தது. "அது நடக்கக் கூடாதுன்னுதான் சாமிகிட்டப் போறேன். எனக்கு மட்டும் ஒங்கம்மா மேல அக்கற இல்லையா?"

அக்கறை இருந்தது. அதுதான் பயங்கரம். அக்கறை இல்லாதவனை எந்தச் சாமியாராலும் ஏமாற்ற முடியாது. சுதர்சினிக்கு அது புரிந்தது. அதனால் கத்துவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரிங்கப்பா. சாமி கைய வெச்சா உள்ளுக்கு என்னா ஒயில் இருக்குன்னு சொல்லிருவாருதானே?"

"சொல்லிருவாரு."

"பார்க்காமலே?"

"முனி சொல்லுவாரு. அவரு எதுக்குப் பார்க்கணும்?"

"அப்ப வேனுக்கு முந்தி என் ஓட்டோவக் காட்டுவோம்."

கன்னையா மகளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோலுக்கு நாள்கணக்காக வரிசையில் கிடந்தோமே, அந்தக் காலத்தில் வெறுத்துப்போன சுதர்சினி பிறகு ஒரு காரியம் செய்தாள். தன் பழைய ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பேட்டரியும் கரண்ட் மோட்டரும் மாட்டிக்கொண்டாள். வெளியே பார்த்தால் துருப்பிடித்த அதே பழைய ஓட்டோ. உள்ளே எஞ்சினே கிடையாது. எஞ்சின் இல்லாததற்கு எஞ்சின் ஒயில் ஏது?

"சாமி ஒரே நிமிசத்துல சொல்லிருவாரு, இதுல ஒயிலே இல்லன்னு" என்றார் கன்னையா. "அப்பறம் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கல. வேன் ஒயில் எறக்குறதுக்கு நானே கேன் பிடிக்கிறேன். சாமி சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நான் ஹில்மிகிட்டப் போறேன்" என்றார் கன்னையா. சாமி தோற்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அதனால் இந்தப் பந்தயத்தில் அவருக்கு ஒரு பயமும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மாவட்டமே திரண்டதுபோலக் கூட்டம். ஒலிபெருக்கியில் முனி பாட்டு. கடலைக்காரன், வடைக்காரன், எலுமிச்சம்பழக்காரன். ஓட்டோவைக் கன்னையாவும் நாலு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டார்ட் வரவில்லை என்று சொல்லியிருந்தாள் சுதர்சினி. பின்னால் வேனை அவள் ஓட்டி வந்தாள். வேனின் முன்சீட்டில் புஷ்பம் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் சனி. ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள் என்றால் அவருக்குக் கால் வீங்கிவிடும்.

முறை வந்தது. எஞ்சின் சாமி எழுந்து வந்தார். ஓட்டோவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்சீட்டின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். கன்னையா கைகூப்பி நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. சொல்லுங்க சாமி, சொல்லுங்க என்றுதான் வேண்டியிருப்பார்.

சாமி உடம்பைக் குலுக்கினார். "ஐயோ, கொதிக்கிதே" என்றார். "முனி கொதிக்கிறாரே. யாரு ஆத்தா இதுல சிந்தெட்டிக் ஊத்துனது?"

கன்னையாவின் உதடு நின்றது.

"எனக்குத் தெரியாதுங்க சாமி" என்றாள் சுதர்சினி. "உள்ளுக்கு நெறைய இருக்குங்களா?"

"நெறைஞ்சி கெடக்கு. குடிக்கவும் முடியாம துப்பவும் முடியாம கெடக்குறாரு. இன்னும் ஒரு கெழம போனா எஞ்சின் வெடிச்சிரும். நிரஞ்சா, துண்டக் கொண்டு வா."

நிரஞ்சன் பாவம். காலையிலிருந்து ஓயாத வேலை. வரிசையோ முடிகிற மாதிரி இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்த இடுக்கில் கையை விட்டான். துணியால் எதையோ துடைத்தான். குனிந்துகூடப் பார்க்கவில்லை. துணியை உருவிக் கொண்டுபோய்த் தாம்பாளத்தில் முக்கினான்.

மஞ்சள் தண்ணீர் பளிச்சென்று சிவந்தது.

கூட்டம் கும்பிட்டது. "முனி ரத்தம் சிந்துறாரு பாருங்க" என்றது ஒலிபெருக்கி.

கன்னையா கும்பிடவில்லை. அவர் கை தானாக இறங்கிவிட்டது. தாம்பாளத்தைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். ஓட்டோவுக்குப் பக்கத்தில் போனார்.

"சீட்டத் தொறக்கக் கூடாது" என்று சாமி அதட்டினார். "முனி கோவத்துல இருக்காரு."

"அவரு கோவம் எனக்குத் தெரியும் சாமி. இருவது வருசம் அவருகூட வேல செஞ்சிருக்கேன்" என்றார் கன்னையா. சீட்டைப் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தார். அடித்தகட்டையும் கழற்றினார்.

உள்ளே பேட்டரிப் பெட்டி. மோட்டர். சிவப்பும் கறுப்புமாக வயர். தூசி. ஒரு சொட்டு ஒயில் கிடையாது.

"எஞ்சின் எங்க?" என்று இந்திரகுமார் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"இல்ல தம்பி" என்றார் கன்னையா. "கழட்டி ரெண்டு வருசமாச்சி. இது கரண்டுல ஓடுறது. இதுல ஊத்துறதுக்கு எடமே இல்ல."

சுதர்சினி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஓட்டோ சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்து, சூலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நினைத்தால் நீங்கள் நம் சனங்களை அறியாதவர்கள். சாமி ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"சோதன. என்னையச் சோதன பண்ணுறாங்க. எஞ்சினக் கழட்டி முனியத் தொரத்திட்டு, செயற்கையா மோட்டரு மாட்டியிருக்காங்க. அதுவும் சிந்தெட்டிக்குதான். அதான் ரத்தம் வந்திச்சி."

கூட்டத்தில் பாதித் தலை ஆடத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆடியது. ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சரிதானே, மோட்டரும் மனுசன் செஞ்சதுதானே" என்றார். எஞ்சின் மட்டும் தேயிலைச் செடியிலா காய்க்கிறது என்று கேட்க யாரும் இல்லை.

சுதர்சினி ஓட்டோவிலிருந்து இறங்கினாள். மடித்து வைத்திருந்த முனித்துண்டுகளில் இன்னும் பாவிக்காத ஒன்றை எடுத்தாள். கஞ்சி போட்டதுபோல விறைப்பாக இருந்தது. அதை எதிலும் துடைக்கவில்லை. எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டினாள். பிறகு அங்கே வாளியில் இருந்த புது மஞ்சள் தண்ணீரில் அப்படியே போட்டாள்.

வாளி முழுவதும் சிவந்தது.

"இந்தத் துணி எந்த எஞ்சினையும் தொடலங்க" என்றாள். "அப்ப இது யாரு ரத்தம்?"

அந்த நேரம் வேனின் கதவு திறந்தது. புஷ்பம் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார். வீங்கிய கால். நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். வாளிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இது ரத்தம் இல்லீங்க" என்றார். "ரத்தம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். கெழமைக்கு ரெண்டு நாளு என் ரத்தம் குழாயில வெளிய போயிட்டுத் திரும்ப வர்றதப் படுத்துக்கிட்டே பார்க்கிறேன். அது இவ்வளவு அழகா இருக்காது." விரலை விட்டுத் தொட்டு முகர்ந்தார். "ஆலாத்தி இது. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு. எத்தன கல்யாணத்துக்கு நான் கரைச்சிருக்கேன். நீங்களும்தானே கரைச்சிருக்கீங்க?"

கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் கரைத்தவர்கள்தான். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும், பிள்ளை பெற்று வந்தவளுக்கும், வீடு குடிபோனவர்களுக்கும் மாறி மாறிக் கரைத்த கைகள். வீட்டில் கரைத்தால் ஆலாத்தி. சாமியார் கரைத்தால் முனி இரத்தம். நம் கண் நம்முடையதுதான். சாமியாரைப் பார்த்ததும் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நிரஞ்சன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோல் உரிந்துபோன விரல்களை நீட்டினான். "சுண்ணாம்புத் தண்ணியில துணிய ஊறப் போட்டுக் காய வெச்சி எனக்குக் கை வெந்துபோச்சிங்க" என்றான். "எத்தனவாட்டி சொல்லிட்டேன், கையொற வாங்கித் தாங்கன்னு. கேட்கல."

கம்பெனி கம்பி வலை வாங்கித் தரவில்லை. சாமி கையுறை வாங்கித் தரவில்லை. முதலாளி என்றால் எல்லாரும் ஒரே சாதிதான்.

இந்திரகுமார் தொழிற்சாலையின் பின்னறைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். தோஷ ஒயில் எதுவும் மண்ணில் புதைந்திருக்கவில்லை. வடிகட்டி, கேன்களில் அடைத்து, மூடி இறுக்கி, டவுனில் விற்பதற்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பீப்பாய். அதுதான் முனி ஒயில். சர்விஸ் ஸ்டேஷன்களில் கழித்து வீசுகிற எரிந்த ஒயிலும் கூழான கியர் ஒயிலும் கலந்து, மேலே கற்பூரம் மிதந்தது. பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்குக்குள் மாப்போல அரித்த மரத்தூள். இந்திரகுமார் ஒரு பிடி அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் லொறியின் சத்தத்தை அடக்கிய மருந்து அதுதான். சத்தத்தை அடக்கிவிட்டு, ஒயில் போகிற வழியையும் அடைத்துவிட்டது. கருவாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவன் திரும்பி வந்து பார்த்தபோது சாமி இல்லை. உண்டியலும் இல்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் றப்பர் காட்டுப் பக்கம் காவி ஒன்று ஓடியதைச் சிலர் பார்த்தார்கள். சூலம் மட்டும் நின்றது. ஓடுகிறபோது சுமந்துகொண்டு போக அது வசதியில்லை.

கன்னையா வேனைத் திருப்பினார். நேரே ஹில்மியின் கராஜ். ஹில்மி இந்தத் தடவை கையைத் துடைக்கவில்லை. "பிழை என்ட பிழைதான் அண்ண. முந்தியே சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வேனுக்கு அடியில் போனார். வெடித்த சீலைக் கழற்றிக் கன்னையாவின் உள்ளங்கையில் வைத்தார். கருகி, முறுக்கு மாதிரி உடைந்தது. புது சீல் போட்டு, அதே சிந்தெட்டிக் ஒயிலை ஊற்றினார். வேனுக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டு எல்லாரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். குடித்து முடித்து எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். அட்டை காய்ந்திருந்தது. முனி துப்புவதை நிறுத்த ஒரு றப்பர் வளையம் போதுமாயிருந்தது.

சனிக்கிழமை காலை புஷ்பத்தை ஏற்றிக்கொண்டு வேன் இரத்தினபுரிக்குப் போனது. ஏற்றம் வந்தபோது கன்னையா பேச்சை ஆரம்பித்தார்.

"நேத்து அந்த ஒயில ஊத்தியிருந்தா, என்னைக்காவது ஒரு சனிக்கெழம இந்த எடத்துல இறுகி நின்னிருக்கும்."

"ம்."

"நீ பாதையிலேயே..."

புஷ்பம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிருப்பேன். நீங்க அழுதுக்கிட்டு சாமிகிட்டப் போயிருப்பீங்க. அவரு என்னா சொல்லியிருப்பாரு?"

கன்னையாவுக்கு அந்தப் பதில் தெரிந்திருந்தது. நீ கருவாடு தின்றாயா, உன் பெண்டாட்டி கருவாடு தின்றாளா என்று சாமி கேட்டிருப்பார். கன்னையாவும் யோசித்து யோசித்து, தின்ற நாள் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார். வேன் முனகாமல் ஏறியது.

ஊர் திருந்திவிட்டதா என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற றப்பர் முதலாளி ஜீப்பைத் திருப்பிக்கொண்டே பக்கத்து ஓட்டோக்காரரிடம் விசாரித்தாராம். கலவானைப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறாராம், டயருக்கு மட்டும் வாக்குச் சொல்கிறாராம், உண்மைதானா என்று. ஓட்டோக்காரர் விலாசம் கொடுத்தாராம்.

போய் வாருங்கள். ஆனால் டயர் அம்மாவைக் கும்பிடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். காற்றே அடைக்காத கட்டி றப்பர் டயர் ஒன்றைக் காட்டி, எங்கே காற்றுப் போகிறது என்று கேளுங்கள். தெய்வம் உண்மையென்றால் ஒரு கேள்விக்கெல்லாம் பயந்து ஓடாது. ஓடினால் பின்னாலேயே ஓடுங்கள். உங்கள் உண்டியல் அவர் கையில்தான் இருக்கும்.